மாறிப்போன போல்ட்

மலர்விழி பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே ஒரு நம்பரைக் கற்றுக்கொண்டாள். எம் ஆறு ஒண்ணு எட்டு மூணு. அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் போலீஸ்காரர்கள்.

அவளுடைய அப்பா கொளஞ்சிநாதனும் போலீஸ்காரர்தான். ஆயுதப்படை கான்ஸ்டபிள். எண்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மழையில், சுரங்கத்தை ஒட்டியிருந்த ஒரு வெடிமருந்துக் கிடங்கின் காவலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் கையிலிருந்த த்ரீ நாட் த்ரீ ரைபிளும் வரவில்லை. மறுநாள் கம்மாபுரம் பக்கத்தில் அவர்கள் இருந்த வீட்டுக்கு ஜீப் வந்தது. நெற்குதிரைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். மாட்டுக் கொட்டகையைக் கடப்பாரையால் தோண்டினார்கள். ஒவ்வொரு குழி தோண்டிய பிறகும் அம்மாவிடம் கேட்டார்கள்: "எம் 6183 எங்க?"

அது ஓர் ஆளின் பெயர் என்று மலர்விழி நினைத்துக்கொண்டாள்.

துப்பாக்கியை விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்றார்கள். காட்டில் ஏதோ கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான் என்றார்கள். பெங்களூரில் வேறொருத்தியோடு பார்த்ததாகவும் ஒருத்தர் சொன்னார். அம்மா அம்சவல்லி எதையும் மறுக்கவில்லை. "எங்கியோ உசுரோட இருக்காருன்னுதானே சொல்றாங்க. சொல்லிக்கினு போகட்டும்" என்பாள். பிறகு நிலமும் வீடும் சுரங்கத்துக்குப் போக, தாயும் மகளும் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேயும் பேச்சு பின்னாலேயே வந்தது. பள்ளிக்கூடத்தில் மலர்விழியைத் 'துப்பாக்கி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் போலீஸ் வேலைக்கு எழுதிப்போட்டபோது அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். "அந்த வேலைதான் கெடச்சிதா ஒனக்கு?"

"துப்பாக்கி எங்க இருக்குதோ அங்கதாம்மா அப்பா இருப்பாரு."

ஆயுதப்படையில் சேர்ந்து, ஆர்மரர் பயிற்சிக்கு அவளாகவே கேட்டுப் போனாள். துப்பாக்கிகளைப் பிரிப்பது, துடைப்பது, பழுது பார்ப்பது, முத்திரை பார்த்து இது எந்த ஊரில் எந்த வருஷம் செய்தது என்று சொல்வது. பழைய ரைபிளின் வலது பக்கத்தில், பின்கட்டை வந்து சேரும் இரும்பு வளையத்தில், ஒரு கிரீடம் இருக்கும். கிரீடத்துக்குக் கீழே ஜி.ஆர்.ஐ. என்றிருந்தால் வெள்ளைக்காரன் காலத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. அதற்கும் கீழே மாடலும் வருஷமும். சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவற்றில் கிரீடம் இருக்காது. இதெல்லாம் துப்பாக்கியின் ஜாதகம். நம்பர்தான் அதன் பெயர். உடம்பில் ஒரு முறை, பேரலில் ஒரு முறை, குறிபார்க்கும் தகட்டின் அடியில் ஒரு முறை, தோட்டாவைத் தள்ளிப் பின்வாயை மூடும் போல்ட்டின் கைப்பிடியில் ஒரு முறை என்று ஒரே நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்திருப்பார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் உடம்புக்கென்று அரத்தால் ராவிப் பொருத்தியிருப்பார்கள். ஒன்றின் போல்ட்டை இன்னொன்றில் போட்டால் நுழையும், மூடும், சில சமயம் சுடவும் சுடும். ஆனால் சுடுகிறவன் முகத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

கடலூரில் ஆயுதக் கிடங்கில் இருந்த பழைய ரைபிள்களை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்தாள். அது வேலை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, த்ரீ நாட் த்ரீக்களைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்து, லாரியில் ஏற்றுவதற்காக அவற்றை வரிசையாக அடுக்கி வைத்திருந்த ஒரு மத்தியானத்தில், ஆர் 2740 என்ற ரைபிளின் போல்ட்டைப் பிடித்துத் தூக்கினாள். கைப்பிடியில் வேறு நம்பர் இருந்தது.

எம் 6183.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்பாவின் துப்பாக்கி வரவில்லை. அதன் போல்ட் மட்டும் வந்திருக்கிறது. ஆள் வராமல் அவன் கை மட்டும் நடந்து வீட்டுக்கு வந்ததுபோல. அதிகாரியிடம் சொன்னாள். "போல்ட் மாறுறது சகஜம்தானேம்மா. ஏத்து" என்றார். ஏற்றினாள். அன்றிலிருந்து கனவில் அப்பா வருவதில்லை. கைதான் வந்தது. எண்ணெய் ஒட்டிய விரல்களோடு, கதவுக்கு வெளியே தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தது. இதை அம்மாவிடம் அவள் சொல்லவில்லை.

போன வருஷம் மார்கழி முடிகிற சமயத்தில் இன்ஸ்பெக்டர் ராஜ்மோகன் ஆர்மரர் வேண்டும் என்று கேட்டு அனுப்பினார். சுரங்கத்தை விரிவாக்கும் இடத்தில், பழைய ஊரும் வெடிமருந்துக் கிடங்கும் இருந்த மேட்டில், மண்ணை வாரிக்கொண்டிருந்த இயந்திரம் தூர்ந்துபோன ஒரு மண்கிணற்றைப் பாதியில் பிளந்துவிட்டது. கிணற்றின் ஆழத்தில் எலும்பும் துப்பாக்கியும்.

மலர்விழி ஸ்டேஷனுக்குப் போனபோது, மேசையில் பிளாஸ்டிக் தாள் விரித்து அதைக் கிடத்தியிருந்தார்கள். மரம் கறுத்து உளுத்து, விரல் பட்டால் உதிர்ந்தது. இரும்பு முழுக்கச் செம்மண்ணும் துருவும். பின்கட்டையின் பித்தளைத் தகடு மட்டும் பச்சை பூத்து முழுசாக இருந்தது. போல்ட் இருந்த இடத்தில் களிமண் எண்ணெயோடு சேர்ந்து இறுகியிருந்ததால் அந்தப் பகுதி அதிகம் கெடவில்லை.

ராஜ்மோகன் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி டீ சொன்னார்.

"நம்பர் நாங்களே பாத்துட்டோம் மேடம். ஆனா அதுலதான் குழப்பம். கைப்பிடியில ஆர் 2740ன்னு தெளிவா இருக்கு. விசாரிச்சா, அந்த ரைபிள் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியே முறையா ஒப்படைச்சாச்சுன்னு சொல்றாங்க. ஒப்படைச்ச துப்பாக்கி கிணத்துக்கடியில எப்படி இருக்கும்?"

மலர்விழி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். நாற்காலியை மேசையின் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சார், அது போல்ட்டோட நம்பர். துப்பாக்கியோடது இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணாத்தான் இருக்கணும். மாறியிருக்கலாம். உடம்பைப் பாக்கணும்."

மண்ணெண்ணெயில் துணி நனைத்துப் போர்த்தி ஊறவிட்டாள். மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தாள். முதலில் கிரீடம் வந்தது. பிறகு ஜி.ஆர்.ஐ. பிறகு 1943. உடம்பின் முன்வளையத்தில் நம்பர் இருந்த இடத்தைத் துரு தின்றிருந்தது. எவ்வளவு சாக்பீஸ் தடவியும் ஒரு வளைவு மட்டும் தெரிந்தது. மூன்றா எட்டா என்று சொல்ல முடியாத வளைவு. மேகஸினைக் கழற்றியபோது உள்ளே தோட்டாக்கள் அப்படியே இருந்தன. ஒன்றுகூடச் சுடப்படவில்லை. சுடாமல் தடுக்கும் சேஃப்டி பின்னுக்குத் தள்ளியிருந்தது. இந்தத் துப்பாக்கியை வைத்திருந்தவன் யாரையும் சுட நினைக்கவில்லை. அவனை யாரும் மிரட்டவும் இல்லை.

கடைசியாகக் குறிபார்க்கும் தகடு. அது பேரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மரச்சீவலை நுழைத்து, நெம்பாமல், அதுவாக விடும்வரை காத்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போய் வந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. தகடு 'டக்' என்று விட்டது. மல்லாத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள்.

மழையும் மண்ணும் போகாத அந்த அடிப்பக்கத்தில் எழுத்து புதுசாக இருந்தது.

"எம் 6183" என்றாள். ஜீப்பில் வந்தவர்கள் கேட்ட அதே தொனியில் அது வாயிலிருந்து வந்தது. அவளுக்கே பயமாக இருந்தது.

ராஜ்மோகன் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார். அவள் கையை நீட்டி மறித்தாள்.

"சார், இதுக்கு மேல நான் இதத் தொடக் கூடாது. லேப்புக்கு அனுப்பி இன்னொருத்தர் பாக்கட்டும். இந்த ரைபிள் எங்க அப்பாவுக்குக் குடுத்தது."

அவர் பேனாவை மூடினார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, பக்கத்து அறைக் கதவைச் சாத்தினார். எலும்புகள் அங்கேதான் இருந்தன.

அம்மாவிடம் அன்று சாயங்காலமே சொன்னாள். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"தல எந்தப் பக்கம் இருந்திச்சாம்?"

"கேக்கலம்மா."

"கேட்டுக்கினு வா."

மறுநாள் கேட்டுவந்து சொன்னாள். தலை மேலே இருந்திருக்கிறது. நின்ற வாக்கில். இரண்டு கையும் தலைக்கு மேல்.

மலர்விழியை வேறொன்று தூங்கவிடவில்லை. அப்பாவின் ரைபிளில் ஆர் 2740இன் போல்ட். ஆர் 2740இல் அப்பாவின் போல்ட். இரண்டு துப்பாக்கிகளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பிரித்துத் துடைக்கப்பட்டு, மாற்றிப் போடப்பட்டிருக்கின்றன. மாற்றிப் போட்டதைச் சரிசெய்ய அப்பாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. அப்படியானால் அவர் காணாமல்போவதற்குக் கொஞ்சம் முன்பு ஒருத்தர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் போட்டிருக்கிறார். அந்த ஒருத்தருக்கு அடுத்த தடவை துப்பாக்கியைத் துடைக்கும்போதே போல்ட் மாறியது தெரிந்திருக்கும்.

அப்பாவோடு அன்று காவலில் இருந்தவர் சண்முகசுந்தரம் என்பது ஊரறிந்த விஷயம். "சாயங்காலமே ரைபிளை எடுத்துக்கிட்டு எங்கிட்ட சொல்லாமக் கிளம்பிட்டான். அன்னிக்கு முழுக்க நாங்க பேசிக்கவே இல்லை" என்று சொன்னவரும் அவர்தான். இப்போது நெய்வேலி நகரியத்தில் மகனுடைய குவார்ட்டர்ஸில் இருந்தார். மகனுக்கு மைன்ஸில் பெர்மனன்ட் வேலை.

ராஜ்மோகனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவரும் வந்து வெளியே வண்டியில் இருந்தார்.

மருமகள் இசைப்பிரியா கதவைத் திறந்தாள். வாதாமரத்து நிழல் விழுந்த முன்னறையில் பெரியவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் புரை. குரல் மட்டும் இன்னும் பரேடு மைதானத்துக் குரல்.

"ஆயுதப்படையிலேருந்து வர்றேன் ஐயா. ஆர்மரர்."

"ஆர்மரரா? பொம்பளப் புள்ளைங்க ஆர்மரரா வந்துட்டீங்களா! உக்காரும்மா. பிரியா, காப்பி போடு." அவர் ரேடியோவை அணைத்தார். "இப்பல்லாம் என்ன குடுக்கறாங்க? இன்சாஸா? அதெல்லாம் தகரம்மா. எங்க த்ரீ நாட் த்ரீ மாதிரி வருமா? தோள்ல ஒதைச்சா மூணு நாளு வலிக்கும்."

"உங்க ரைபிள் நம்பர் ஞாபகம் இருக்குங்களா?"

"ஞாபகமா? கட்டையில எழுதின பட் நம்பர் நாப்பத்திரெண்டு. பாடி நம்பர் ஆர் ரெண்டு ஏழு நாலு சைபர். பொண்டாட்டி பொறந்த தேதி கேட்டா தெரியாது. இது சாவுற வரைக்கும் மறக்காது."

அவர் சிரித்தார். காபி கொண்டுவந்த இசைப்பிரியாவும் சிரித்தாள்.

"போல்ட் நம்பர் என்னங்க ஐயா?"

"போல்ட்லயும் அதேதானேம்மா இருக்கும்." சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. ஆனால் குரல் அதிலிருந்து இறங்கிவிட்டது.

"உங்களுதுல அது இல்லீங்களே. எம் 6183 இருந்துச்சு. நான் கையில எடுத்துப் பாத்திருக்கேன்."

பெரியவர் அவள் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பி, புரை விழுந்த கண்களால் நெடுநேரம் பார்த்தார்.

"நீ யாரு?"

"கொளஞ்சிநாதன் பொண்ணு."

"மாமா?" என்றாள் இசைப்பிரியா. அவர் அவளை உள்ளே போகச் சொல்லிக் கையசைத்தார். அவள் போகவில்லை.

பிறகு அவர் பேசினார். கேட்காமலே பேசினார். யாரோ உள்ளேயிருந்து தள்ளிவிட்டதுபோல.

"ஷெட்டு ஒழுகிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு ரைபிளும் நனைஞ்சி போச்சு. போல்ட்டைக் கழட்டித் துண்டுல வெச்சித் தொடச்சிக்கிட்டு இருந்தோம். உங்கப்பன் பாட்டு பாடிக்கிட்டு இருந்தான். திடீர்னு ரோட்டுல ஜீப்பு சத்தம். ஐயா வர்றாருன்னு அவசர அவசரமா மாட்டினோம். ஜீப்பு நிக்காம போயிடுச்சி. எனக்கு அப்பத்தான் பெரியவன் பொறந்து பத்து நாளு. வேலி சுத்தி வர்ற முறை என்னுது. 'கொளஞ்சி, நீ சுத்திட்டு வாடா, ஒரு எட்டு வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்'னேன். 'போடா, புள்ளைய நானும் கேட்டேன்னு சொல்லு'ன்னான். போனவன் மழையில மாட்டிக்கிட்டேன். விடிஞ்சிதான் வந்தேன்."

"அப்பா இல்ல."

"இல்ல. வேலிக்குப் பின்னாடி ஒரு மண்கெணறு. கைப்பிடிச் சுவர் கெடையாது. அதோட கரை உள்ள சரிஞ்சி, பாதிக்கு மேல சேறா மூடிக் கெடந்துச்சி. புதுசாச் சரிஞ்ச மண்ணு. செவப்பா." அவர் ரேடியோவின் குமிழைத் தடவினார். "மழைக்குச் சரிஞ்சிருக்கும்னு சொல்லிக்கிட்டேன். விசாரிக்க வந்தவங்ககிட்ட நான் ஷெட்டுலதான் இருந்தேன்னு சொல்லிட்டேன். வேலை போயிடும்னு பயம். அவன் எங்கியாவது போயிருப்பான், வந்துடுவான்னு ஒரு எண்ணம். நாலு நாள் கழிச்சி ரைபிளைத் தொடைக்கறேன். போல்ட்டுல அவன் நம்பர்."

வாதாமரத்திலிருந்து ஒரு இலை முற்றத்தில் விழுந்து இழுபட்டது.

"இருபத்தஞ்சி வருஷம்மா. ரிட்டயர் ஆகறவரைக்கும். தெனம் காலையில அந்த நம்பரைத் தொடச்சிப் பளபளன்னு வெச்சேன். மாத்திக் குடுன்னு யார்கிட்ட கேப்பேன்? எப்படி மாறிச்சின்னு கேப்பாங்களே. சுடறப்பல்லாம் இன்னிக்கு இது பின்னாடி வந்து என் கண்ணுல அடிச்சிடும்னு நெனப்பேன். அடிக்கல. அது ஒழுங்காத்தான் வேலை செஞ்சிச்சி. அவன மாதிரி."

மலர்விழி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்க வந்தப்போ, அந்தச் சேத்துக்கடியில அவர் உயிரோட இருந்திருப்பாரா?"

"தெரியாதும்மா."

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல." அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "கூப்ட்டா பதில் வந்துடுமோன்னு பயமா இருந்துச்சி."

அவள் எழுந்தாள். அடிக்க வேண்டும் என்றோ திட்ட வேண்டும் என்றோ தோன்றும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. வாசலுக்கு வந்தபோது இசைப்பிரியா செருப்பில்லாமல் பின்னாலேயே வந்து, "அக்கா" என்று சொல்லிவிட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ராஜ்மோகன் உள்ளே போய் வாக்குமூலம் வாங்கினார். பெரியவர் ஒரு வார்த்தையையும் மாற்றாமல் திரும்பச் சொன்னாராம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவரை என்ன செய்ய முடியும் என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. லேப்பிலிருந்து முடிவு வந்தது. ரைபிள் எம் 6183தான். எலும்பு மலர்விழியின் அப்பாவுடையதுதான். 'ஓடிப்போனவர்' என்றிருந்ததை அடித்து, 'பணியில் இறந்தவர்' என்று ஆக்கினார்கள். அடக்கத்தின்போது துப்பாக்கி மரியாதை தரலாம் என்று ராஜ்மோகன் சொன்னார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "துப்பாக்கி மட்டும் வாணாங்க. பூ போட்டாப் போதும்." போலீஸ்காரர்கள் பூ போட்டார்கள். ஊரில் அவரைப் பெங்களூரில் பார்த்ததாகச் சொன்னவரும் வந்து போட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு அம்மா அந்தக் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றாள். மலர்விழி தட்டிக்கழித்தாள். அம்மா விடவில்லை. ராஜ்மோகன் பேசி அனுமதி வாங்கி, ஒரு காரும் அனுப்பினார்.

சுரங்கத்தின் விளிம்பில் ஹெல்மெட் போட்டு நிறுத்தினார்கள். கூட வந்த மைன்ஸ் ஆபீசர் நல்லவர். எப்படிச் சொல்வதென்று தயங்கிக்கொண்டே இருந்தார். கீழே, கண்ணுக்கெட்டிய தூரத்துக்குப் பள்ளம். படிப்படியாகச் செம்மண், வெள்ளை மணல், அடியில் கறுப்பு. வீடு அளவு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு இயந்திரம் ஒன்று எங்கோ பூச்சிபோல நின்றது.

"கெணறு எங்கங்க?" என்றாள் அம்மா.

"இப்ப இல்லீங்கம்மா. போலீஸ் வேலை முடிஞ்சதும் அந்த மேட்டையும் எடுத்துட்டோம்."

"அது தெரியிதுங்க. எங்க இருந்திச்சின்னு கேக்கறன்."

அவர் கையை நீட்டினார். கீழே காட்டவில்லை. நேராக முன்னால், அவர்கள் நின்ற மட்டத்துக்குக் கொஞ்சம் தாழ, வெறும் காற்றில் காட்டினார். "அதோ. அந்த இடத்துல."

அங்கே ஒன்றும் இல்லை. வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது. ஒரு பருந்து அந்த இடத்தின் வழியாகப் பறந்து அப்பால் போனது.

அம்மா ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தக் காற்றையே பார்த்து நின்றாள். உதடு அசைந்தது. இயந்திரத்தின் இரைச்சலில் மலர்விழிக்கு முதலில் கேட்கவில்லை. கிட்டே போனாள்.

"யோவ், கேக்குதா?" என்றாள் அம்மா. தெருமுனையில் நிற்கிறவரைக் கூப்பிடுவதுபோல, சாதாரணமாக. "கூப்புட வந்திருக்கறம்யா. வா, வூட்டுக்குப் போலாம்."

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு திரும்பி, காரை நோக்கி நடந்தாள். மெதுவாக, பக்கத்தில் வருகிறவரின் நடைக்கு ஈடுகொடுக்கிறதுபோல. பின்கதவைத் திறந்து ஏறி, உள்ளே கடைசிவரை தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

மலர்விழி அந்தக் கதவைச் சாத்தாமல் சற்று நின்றாள். பிறகு மெல்லச் சாத்திவிட்டு, முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.